மருந்தின் பெயரும் நோயின் பெயரும்

ஒற்றைத் தலைவலி என்று நாம் தமிழில் சொல்லுகிறோம். வடநாட்டு மக்கள் இதனை ‘ஆதாசீசி’ என்கிறார்கள். ‘ஆதா’ என்றால் பாதி. வடமொழி வைத்திய நூலான சுசுருத சம்ஹிதையில் வரும் ‘அர்த்தாவபேதகம்’ என்ற பெயரிலும் பாதி என்ற சொல்லே தலைமையாக நிற்கிறது. கிரேக்கர் ‘ஹெமிக்ரேனியா’, அதாவது பாதி மண்டை, என்று இட்ட பெயர்தான் தேய்ந்து தேய்ந்து இன்று டாக்டர்கள் வாயில் ‘மைக்ரேன்’ என்று வழங்குகிறது. இத்தனை மொழியினரும் ஒரு நோய்க்கு ஒரே பொருளுள்ள பெயரை இட்டிருப்பது வியப்புக்குரியது. எந்த நாட்டிலும் நோயாளி ஒரு பக்கத்து நெற்றிப்பொட்டில் கையை அழுத்திக்கொண்டு இருட்டு மூலையைத் தேடித்தான் போயிருக்கிறார் போலும்!

நோயின் பெயரில் இவ்வளவு ஒற்றுமை இருக்க, அந்நோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு மருந்தின் பெயர் மட்டும் பல இல்லங்களில் கலகத்தை உண்டாக்கிவிடுகிறது. மனச்சோர்வுக்கென்று கண்டறியப்பட்ட மாத்திரையைத் தலைவலிக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். வாங்கிவந்த அட்டையைப் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தலைவலியைப் பற்றிய பேச்சு நின்றுபோய், தலைவலிக்காரரைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது.

அந்த மாத்திரையை உட்கொண்டவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். நான் வைத்தியம் கற்றவள் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள். டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும், படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும், பட்டறிந்ததையுமே இங்கே சொல்கிறேன்.

பதினேழு வயதில் எனக்கு இந்நோய் தொடங்கியது. 1989-இல் மணமாகி டில்லிக்கு வந்தபோது சீர்வரிசைகளோடு இதுவும் கூடவே வந்தது. இதனைச் சாதாரணத் தலைவலி என்று எண்ணுவது பெரும் பிழை. மருந்து உட்கொள்ளாவிடில் நான்கு மணி நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் வரை நீடிக்கக்கூடியது. தலை விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். குக்கரின் சீழ்க்கை காதைத் துளைக்கும். தாளிக்கும் வாசனையே குமட்டலை வரவழைக்கும். சிலருக்கு வலி வருமுன்னே கண்ணெதிரே மின்னல் கீற்றுகள் போல ஒளிக்கோடுகள் தோன்றுவதும் உண்டு. பாதித் தலை என்று பெயரே தவிர, பலருக்கு இரு பக்கமும் வலிக்கும்.

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் துன்புறுகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆடவரைவிடப் பெண்டிருக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பெங்களூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்றில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் என்று தெரியவந்தது. நமது சங்கக் கூட்டத்துக்கு நூறு பேர் வந்தால் அவர்களில் எத்தனை பேர் கையில் மாத்திரையுடன் வந்திருப்பார்கள் என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களில் இந்நோயின் கொடுமை சற்றுக் கூடுதல் என்பது என் எண்ணம். ஊரில் தலைவலி என்று படுத்தால், அடுப்பைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ அண்ணியோ அடுத்த வீட்டு அக்காவோ இருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? கணவர் அலுவலகம் போகவேண்டும். குழந்தைகள் பள்ளிக்குப் போகவேண்டும். தலைவலி என்றாலும் தாய் எழுந்திருக்கத்தான் வேண்டும். மே, ஜூன் மாதத்து ‘லூ’ எனும் அனற்காற்று, வேளை தவறிய உணவு, உறக்கக் கேடு, ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பிரயாணம் ஆகிய ஒவ்வொன்றும் எனக்கு வலியைத் தூண்டும் காரணங்களாக இருந்தன.

2014-ஆம் ஆண்டு வாக்கில் மாதத்துக்குப் பத்து, பதினொரு நாள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. நரம்பியல் வைத்தியர் ஒருவரிடம் சென்றேன். வலி வந்தபின் தணிக்கும் மருந்து வேறு, வலி வராமல் தடுக்கும் மருந்து வேறு என்று அவர் விளக்கினார். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் பதினைந்து நாட்களுக்கு மேலும், டிரிப்டான், எர்காட் வகைகளையும் பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் பத்து நாட்களுக்கு மேலும் மாதக்கணக்கில் உட்கொண்டால், அம்மாத்திரைகளே புதிதாக ஒரு தலைவலியை உண்டாக்கிவிடும். ஆதலால் அடிக்கடி வலி வருவோர்க்குத் தடுப்பு மருந்தே ஏற்றது என்றார். பின்பு, இரவில் உட்கொள்ள அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைப் பத்து மில்லிகிராம் அளவில் எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர் மகன், கைபேசியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்த்து, “சித்தி, இது மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று போட்டிருக்கிறதே!” என்று உரக்கச் சொன்னான். கூடத்தில் அமைதி நிலவியது. என் நாத்தனார் பரிவோடுதான் கேட்டார்: “நல்ல குடித்தனம், தங்கமான பிள்ளைகள். உனக்கு மனசில் அப்படி என்ன அம்மா குறை?” திருவாரூரிலிருந்த என் தாயாருக்கு மறுநாளே செய்தி போய்விட்டது. தொலைபேசியில் தாழ்ந்த குரலில், “யாரிடமும் சொல்லாதே. கலியாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு” என்றார்.

இவர்கள் யாரும் என் பகைவர் அல்லர், என்மேல் அன்புள்ளவர்கள். எனினும் அந்த ஒரு மாலையில், இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்கள் கண்ணால் கண்ட என் வாந்தியும் வலியும் பொய்யாகி, எல்லாம் மனத்தின் கோளாறு என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நோயை நம்பாதவர்களைச் சகித்துக்கொள்ளலாம். நம்பியிருந்தவர்கள் நம்பிக்கையை இழப்பதைச் சகிப்பது கடினம். என் கணவர் மட்டும், “சண்டை எதற்கு? கொடுத்தவரையே கேட்டுவிடுவோம்” என்றார். மீண்டும் வைத்தியரிடம் போனோம். அவர் நகைத்துவிட்டு, “மருந்து எதற்காகப் பிறந்தது என்பது வேறு, எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பது வேறு” என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைப் படிக்கத் தூண்டியது.

மனச்சோர்வு நீக்கும் மருந்துகளின் வரலாறு சுவையானது. சுவிட்சர்லாந்து தேசத்து மனநல வைத்தியர் ரோலண்ட் குன் என்பவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு 1957-இல் வெளியிட்டார். அதன் இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1964-இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜேம்ஸ் லான்ஸ் என்ற நரம்பியல் வைத்தியரும் அவருடைய துணைவர் ஒருவரும் நாட்பட்ட இறுக்கத் தலைவலிக்கு இதைக் கொடுத்து நற்பயன் கண்டார்கள். 1973-இல் பிரிட்டனில் ஒற்றைத் தலைவலிக்காரரிடம் முறையாகச் சோதித்தார்கள். அங்கும் பயன் தெரிந்தது.

அப்பொழுதே அறிஞர்களிடையே ஓர் ஐயம் எழுந்தது. என் நாத்தனாருக்கு எழுந்த அதே ஐயந்தான்! தலைவலி குறைவது, மறைந்திருந்த மனச்சோர்வு தீர்வதனால்தானோ? 1976-இல் அமெரிக்காவில் கௌச் என்பவரும் அவர் தோழர்களும் இதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் மனநிலையையும் தலைவலியையும் தனித்தனியே அளந்து பார்த்ததில், தலைவலி குறைந்தது மனச்சோர்வு குறைந்ததைச் சார்ந்து நிற்கவில்லை என்று கண்டார்கள். மனச்சோர்வு சிறிதும் இல்லாதவருக்கும் மருந்து பயனளித்தது. மேலும், மனச்சோர்வுக்கு வழக்கமாக எழுபத்தைந்து மில்லிகிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்க, தலைவலிக்குப் பத்திலிருந்து ஐம்பது மில்லிகிராமே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

இதன் காரணம் என்ன? நம் மூளையில் செரடோனின், நாரட்ரெனலின் என்னும் இரு வேதிப்பொருள்கள் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்கின்றன. மனநிலையை ஆளும் பாதைகளிலும் இவை ஓடுகின்றன. உடலிலிருந்து வரும் வலியைத் தடுத்து அடக்கும் பாதைகளிலும் இவையே ஓடுகின்றன. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துச் சிக்குட்டேரி என்ற அறிஞர், ஒற்றைத் தலைவலி வரும் வேளையில் செரடோனினின் கழிவுப்பொருள் சிறுநீரில் மிகுவதை 1961-இலேயே காட்டியிருந்தார். அமிட்ரிப்டிலின் இவ்விரு பொருள்களும் விரைவில் உள்ளிழுக்கப்படாமல் சிறிது நேரம் நின்று வேலை செய்யும்படி செய்கிறது. ஒரே வாய்க்கால் இரண்டு வயல்களுக்குப் பாய்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். மடையைத் திறந்தவன் எந்த வயலுக்காகத் திறந்தான் என்பதை அவனைக் கேட்டால்தான் தெரியும்.

தலைவலியைத் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை இவ்வாறு வேறு நோய்களிடமிருந்து கடன் வாங்கப்பட்டவையே. புரொபிரனலால் மார்வலிக்காக வந்த மருந்து. அதை உட்கொண்ட இருதய நோயாளியின் தலைவலி குறைந்ததை 1966-இல் தற்செயலாகக் கவனித்தார்கள். டோபிரமேட் காக்கை வலிப்புக்கு வந்தது; 2004-இல் அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்கும் அனுமதி பெற்றது. என் தோழி ஒருத்தி புரொபிரனலால் உட்கொள்கிறாள். “உனக்கு இருதய நோயா?” என்று அவளை ஒருவரும் தாழ்ந்த குரலில் கேட்டதில்லை. பழி மனத்தோடு தொடர்புள்ள மருந்துக்கு மட்டுமே வந்து சேருகிறது. குற்றம் மாத்திரையில் இல்லை. மனநோய் என்றால் மானக்கேடு என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்தில்தான் இருக்கிறது.

நான் மாத்திரையைத் தொடர்ந்தேன். முதல் வாரம் காலையில் எழுந்திருப்பதே போராட்டமாக இருந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போது நா வறண்டு ஒட்டிக்கொண்டது. இரவு உணவுக்குச் சற்று முன்பாகவே மாத்திரையை விழுங்கிவிடும்படி வைத்தியர் சொன்னபின் காலை மயக்கம் குறைந்தது. மூன்றாம் வாரம் அளவு இருபதாயிற்று. ஆறு வாரங்களுக்கு முன் எந்த முடிவுக்கும் வரவேண்டாம் என்று அவர் எச்சரித்திருந்தார். தினசரித் தாளில் வலி வந்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வந்தேன். முதல் மாதம் பத்து வட்டங்கள். இரண்டாம் மாதம் ஏழு. நான்காம் மாதம் நான்கு. முழுக் குணம் என்று சொல்ல இயலாது. ஆனால் மாதத்தில் ஆறு நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ஆறு நாள் என்றால் என்ன என்பது அதை இழந்தவருக்கே தெரியும்.

உடல் எடை மூன்று கிலோ கூடியது. மலச்சிக்கல் இருந்தது. இம்மருந்து வியர்வையைக் குறைக்கக்கூடியது. ஆகவே டில்லிக் கோடையில் நண்பகலில் வெளியே செல்வதைத் தவிர்க்கச் சொன்னார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் வைத்தியரே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். இவ்வளவையும் சொல்லுவது, மருந்தைப் புகழவேண்டும் என்பதற்காக அன்று. உள்ளது உள்ளபடி தெரியவேண்டும் என்பதற்காகவே.

மனச்சோர்வு மருந்துகள் எல்லாமே தலைவலிக்கு நல்லவை என்று இதனால் யாரும் எண்ணிவிடலாகாது. அவற்றுள் பல குலங்கள் உண்டு. 2012-இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் கழகத்தார் வெளியிட்ட நெறிமுறையில், அமிட்ரிப்டிலின், வென்லாபாக்சின் என்ற இரண்டுமே ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் அநேகமாகப் பயனுள்ளவை என்ற வரிசையில் வைக்கப்பட்டன. செரடோனினை மட்டும் கருதிச் செய்யப்பட்ட புளுவாக்செடின் முதலிய புதிய மாத்திரைகள், மனச்சோர்வுக்கு நன்கு பயன்பட்டாலும், ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் வெறும் மாவு மாத்திரையைவிடச் சிறந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்று 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினார்கள். அவற்றைத் தொடங்கும் நாட்களில் சிலருக்குத் தலைவலி வருவதும் உண்டு. பெரும்பாலும் அது சில நாட்களில் தணிந்துவிடும்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அன்பர், மனச்சோர்வுக்காக வென்லாபாக்சின் உட்கொண்டு வந்தார். குணமாகிவிட்டது, இனி எதற்கு என்று ஒரு தீபாவளியன்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இரண்டே நாளில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. மூளையில் கட்டியோ என்று வீட்டார் அஞ்சினர். வைத்தியர் மாத்திரையை மீண்டும் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தபின் எல்லாம் அடங்கின. இவ்வகை மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வருவது நன்கறிந்த விளைவு. அதைப் புதிய நோய் என்றோ, மருந்துக்கு அடிமையாகிவிட்டோம் என்றோ எண்ணிக் கலங்கவேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒற்றைத் தலைவலி வந்தபின் தணிக்கும் டிரிப்டான் மாத்திரைகளையும் மனச்சோர்வு மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டால் செரடோனின் அளவு மீறி ஆபத்து நேரலாம் என்று 2006-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது. பின்னர், இரண்டையும் சேர்த்து உட்கொண்ட பல்லாயிரம் பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை, அத்தகைய ஆபத்து மிக மிக அரிது என்று காட்டியது. எனவே அஞ்சவேண்டியதில்லை, ஆனால் ஒரு வைத்தியர் கொடுத்த மருந்தை மற்றவரிடம் மறைக்கக் கூடாது.

இனி, சொல்லவேண்டியவற்றுள் முக்கியமானதற்கு வருகிறேன்.

‘இது தலைவலிக்கான மருந்துதான், மனத்துக்கு அன்று’ என்று பத்தாண்டுகள் பலரிடமும் நான் வாதாடியிருக்கிறேன். அது என்னளவில் உண்மை. ஆனால் எல்லாரளவிலும் அதுவே முழு உண்மை என்று கொள்ளலாகாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரு மடங்குக்கு மேல் என்றும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் புதிதாக ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பும் மிகுதி என்றும் அமெரிக்காவின் டெட்ராயிட் வட்டாரத்தில் நவோமி பிரெஸ்லௌ என்ற அம்மையார் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் காட்டின. ஒன்று மற்றொன்றின் வேஷம் அன்று. இரண்டும் உண்மையான நோய்கள். சிலரிடம் இரண்டும் குடியிருக்கும்.

2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் ஓர் இளம் பெண்ணைச் சந்தித்தேன். தஞ்சை ஜில்லாவிலிருந்து மணமாகிக் காசியாபாத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளும் அமிட்ரிப்டிலின் பத்து மில்லிகிராம் உட்கொண்டு வந்தாள். தலைவலி குறைந்திருந்தது. “மனசுக்கான மருந்துதானே அக்கா இது? தினம் தவறாமல் சாப்பிடுகிறேன். பின் ஏன் எனக்குப் பொழுது விடிவதே பிடிக்கவில்லை?” என்று கேட்டாள். நான் திடுக்கிட்டேன். கோலத்தையும் கரும்பையும் பார்த்துக்கொண்டு, குரலில் ஏற்றத்தாழ்வே இல்லாமல் அவள் அதைச் சொன்னாள்.

விசாரித்ததில் நிலைமை விளங்கியது. தலைவலி என்று சொன்னதால் தலைவலிக்கு மருந்து கிடைத்தது. துக்கத்தைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. வைத்தியர் கேட்காமல் இல்லை, இந்தியில் கேட்டார். ‘மன் கைசா ஹை?’ என்ற கேள்விக்கு ‘டீக் ஹை’ என்பதைத் தவிர வேறு விடை சொல்ல அவளுக்குச் சொற்கள் இல்லை. கடைத்தெருவில் காய் வாங்கவும் ஆட்டோவுக்குப் பேரம் பேசவும் கற்ற மொழியில் நெஞ்சின் பாரத்தை இறக்கிவைக்க முடியுமா? வலியைச் சுட்டிக்காட்ட விரல் போதும். மனத்தைச் சுட்டிக்காட்ட மொழி வேண்டும். மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பதை அறிந்த கணவர் வீட்டாரும், ‘மனத்துக்கும் மருந்து சாப்பிடுகிறாளே’ என்று வாளாவிருந்துவிட்டார்கள்.

தலைவலிக்கென்று தரப்படும் பத்து மில்லிகிராம் மனச்சோர்வைத் தீர்க்கப் போதாது. மருந்து அதே மருந்துதான். ஆனால் அளவும் நோக்கமும் வேறு. என் வீட்டார் மருந்தின் பெயரைப் பார்த்து இல்லாத நோயை எனக்கு உண்டென்றார்கள். அவள் வீட்டார் அதே பெயரைப் பார்த்து, இருந்த நோய்க்கு வைத்தியம் நடப்பதாக எண்ணிக்கொண்டார்கள். பிந்தியதே அதிக ஆபத்தானது.

அவள் கணவரிடம் பேசினேன்; நல்ல பிள்ளை; உடனே புரிந்துகொண்டார். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேச வசதி உண்டு. முதலில் அதில் பேசினாள். முக்கால் மணி நேரம் தமிழில் அழுததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அடுத்து மனநல வைத்தியரிடம் நானும் துணைக்குச் சென்றேன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் இந்தியில் எடுத்துரைத்தேன். அவர் இரண்டு நோய்களையும் சேர்த்து எண்ணி மருந்தை மாற்றி அமைத்தார். வாரந்தோறும் பேசுவதற்கும் ஏற்பாடு செய்தார். சில மாதங்களில் தெளிவு பெற்றாள். அடுத்த பொங்கலுக்கு அவளே வாசலில் கோலம் போட்டாள்.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. நம் நாட்டில் ஒற்றைத் தலைவலிக்குப் பெரிதும் கொடுக்கப்படும் புளூனரிசின் என்ற மாத்திரை சிலருக்கு மனச்சோர்வை வருவிக்கக்கூடும். முன்னமே மனச்சோர்வு கண்டவருக்கு அதைக் கொடுக்கலாகாது என்பது விதி. ‘எப்போதாவது மனம் தளர்ந்ததுண்டா?’ என்று தலைவலி வைத்தியர் கேட்பது நம்மை இழிவுபடுத்த அன்று. சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவே. அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னால் இழப்பு நமக்கே.

சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் சில வேண்டுகோள்கள். வலி வரும் நாட்களைக் குறித்து வையுங்கள். மாத்திரைகளையும் எண்ணி வையுங்கள். மருந்தின் பெயரைக் கண்டு நிறுத்தாதீர்கள். ஐயம் இருந்தால் எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள். கண்ணில் நீரழுத்தம், இருதயக் கோளாறு, சிறுநீர் அடைப்பு, கருவுற்றிருத்தல் ஆகியவை இருந்தால் முன்னதாகவே தெரிவியுங்கள். ஒருவர் மாத்திரையை மற்றவருக்குக் கொடாதீர்கள். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எட்டு முதல் பதினேழு வயது வரையுள்ள 361 பிள்ளைகளிடம் நடத்தி 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அமிட்ரிப்டிலினும் டோபிரமேட்டும் வெறும் மாவு மாத்திரையைவிட மேலாகப் பயன் தரவில்லை. ஆதலால் பெரியவருக்குக் கேட்ட மருந்து பிள்ளைக்கும் கேட்கும் என்று எண்ணவேண்டாம். இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். மாத்திரை அட்டையைப் படிப்பதில் தவறில்லை. படித்தபின், ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்காமல், ‘இது எதற்காகக் கொடுத்தார்? இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். தலைவலிக்குத்தான் என்றால் நம்புங்கள். மனச்சோர்வுக்கும் சேர்த்துத்தான் என்றாலும் அதே முகத்தோடு நம்புங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் அப்பாவுக்கு வேளை தவறாமல் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறோமே, அவ்வளவு போதும்.

நம் சங்கத்தில் இந்தி பேசத் தெரிந்த மூத்த பெண்மணிகள் பலர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி டாக்டரிடம் போகும்போது அவர்களில் ஒருவர் துணைக்குச் செல்லலாம். உறவினர்முன் சொல்லத் தயங்குவதை ஊர்க்காரியிடம் சொல்லிவிடுவார்கள். என்னைப் பொறுத்தவரை செவ்வாயும் வெள்ளியும் முற்பகலில் ஓய்வாகவே இருக்கிறேன். அழைத்தால் வருகிறேன்.